எல்லைக் கோடும் குடவோலையும்

'மக்கள் தீர்ப்பே மகேசன் தீர்ப்பு' என்னும் தொடரை மேடைகளில் கேட்டுப் பழகிய நமக்கு, அதில் வரும் மக்கள் யார், தீர்ப்பு எது என்று நின்று கேட்கும் வழக்கம் இல்லை. தேர்தலில் வென்றவர் சொல்லும் நன்றியுரையோடு அத்தொடர் நின்றுவிடுமாயின் கேடொன்றும் இல்லை. ஆனால் ஒரு நிலப்பகுதி, தான் அடங்கியிருக்கும் நாட்டின் நடுவண் அரசைக் கேளாமலே, 'இருப்பதா, பிரிவதா' என்று தன் மக்களிடம் வாக்குக் கேட்கலாமா என்ற வினா எழும்போது, தேய்ந்த அத்தொடர் போதாது. சட்டம் அறிந்தோர், 'அரசியலமைப்பில் இடமில்லை' என்று ஒரே வரியில் முடித்துக்கொள்கின்றனர். ஆர்வலர்களோ, 'மக்கள் விருப்பத்திற்கு மேல் சட்டம் ஏது?' என்கின்றனர். இரு சாராரும் விடை சொல்லும் விரைவில் வினாவைப் படிக்க மறந்துவிட்டனர் என்பதே நம் கருத்து. ஒரு திறனாய்வாளன் பாட்டையும் உரையையும் ஆய்வது போல, இவ்வினா உயிர்பெற்ற சில ஆவணங்களையும் நிகழ்வுகளையும் ஈண்டு ஆய்ந்து பார்ப்போம்.

வெகுதொலைவு செல்ல வேண்டியதில்லை. நாம் நிற்கும் இம்மண்ணே ஒருமுறை தனிநாடாக அறிவிக்கப்பட்ட மண். 1947 ஜூன் 3-இல் மவுண்ட்பேட்டன் திட்டம் வெளியான சில நாள்களில், ஆங்கிலேயர் அகன்றதும் திருவிதாங்கூர் தன்னுரிமை நாடாகும் எனத் திவான் சர் சி.பி. இராமசாமி ஐயர் அறிவித்தார். 1741-இல் குளச்சலில் ஒல்லாந்தரை முறியடித்த அரசின் வழிவந்தது அந்நாடு. மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணலில் மோனசைட்டு இருந்தது. அதிலிருந்து பெறும் தோரியத்தின் மீது, அணுயுகத்தின் வாசலில் நின்ற வல்லரசுகளின் கண் பதிந்திருந்தது. திவானும் அதன் மதிப்பை அறிந்தவர். வரலாறு இருந்தது, வளம் இருந்தது, துறைமுகம் இருந்தது. மக்களைக் கேட்டது மட்டும் இல்லை. ஜூலை 25-இல் திருவனந்தபுரத்தில் திவான் வெட்டுக் காயமுற்றார். அம்மாத இறுதிக்குள் மன்னர் சித்திரைத் திருநாள் இந்திய ஒன்றியத்தில் இணைய இசைந்தார். ஒரு நாட்டின் தன்னுரிமை அறிவிப்பு இரண்டு மாதம்கூட நிலைக்கவில்லை.

இதைக் கொண்டு, 'வாக்கெடுப்பு நடத்தியிருந்தால் அறிவிப்புக்கு அறநெறி வலிமை கிடைத்திருக்கும்' என்று சிலர் வாதிடக்கூடும். நாம் ஐயுறுவது இங்கேதான். அன்று திருவிதாங்கூர் முழுவதிலும் வாக்கெடுப்பு நடந்திருந்தால், தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்களின் தமிழர் பரந்த மலையாளப் பெரும்பான்மைக்குள் சிறுபான்மையாக எண்ணப்பட்டிருப்பர். அவர்கள் என்ன சொன்னாலும் கணக்கில் அது கரைந்திருக்கும். தென் வட்டங்களைத் தனியே எண்ணியிருந்தால் விடையே வேறாகியிருக்கும். ஆகவே, குடவோலைக்கு முன்னே கோடு இருக்கிறது. யார் மக்கள் என்று யாரோ ஒருவர் முன்னரே முடிவு செய்த பின்னர்தான் மக்கள் முடிவு செய்கின்றனர். இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராக இருந்தவரும், டி.எஸ். சேனநாயக்காவுக்கு அரசியலமைப்பு ஆலோசகராக விளங்கியவருமான சர் ஐவர் ஜென்னிங்ஸ் தன்னாட்சிக் கோட்பாட்டின் இந்த இடரை எடுத்துக்காட்டியுள்ளார். அவர் ஆலோசனை கூறிய தீவே பின்னர் இவ்விடரில் மூழ்கியது.

கோட்டை மாற்றப் போராடியது திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசு. அதன் தலைவர் மார்ஷல் நேசமணியின் சிலைக்கு மாலையிடும் நாம், அவ்வியக்கத்தின் முறையை அவ்வளவாக ஆய்வதில்லை. அது தனிநாடு கேட்கவில்லை. ஓர் ஆட்சிப் பரப்பிலிருந்து இன்னொன்றிற்கு மாறவே கேட்டது. எனினும் 'எங்களைக் கேளுங்கள்' என்னும் அடிப்படைக் குரல் ஒன்றே. தனி வாக்கெடுப்பு நடத்த அதற்கு அதிகாரம் இல்லை, நடத்தவும் முயலவில்லை. கிடைத்த பொதுத் தேர்தல்களையே அது வாக்கெடுப்பாக்கிக் கொண்டது. வயது வந்தோர் அனைவரும் வாக்களித்த 1948-ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர்த் தேர்தலில் 14 இடங்களும், 1954-இல் திருவிதாங்கூர்–கொச்சிச் சட்டமன்றத்தில் 12 இடங்களும் அதற்குக் கிட்டின. அடுத்தடுத்து ஒரே பகுதி ஒரே சொல்லைச் சொன்னது. அச்சொல்லுக்கு 1954 ஆகஸ்டு 11-இல் கிடைத்த மறுமொழி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிக் குண்டு. ஆட்சியில் இருந்தவர் பட்டம் தாணுப்பிள்ளை. தம் கட்சியைச் சேர்ந்த அந்த அரசே பதவி விலக வேண்டுமென இராம் மனோகர் லோகியா கேட்டது நம் நாட்டு அரசியலில் அரிதாகக் காணும் காட்சி.

முடிவை எடுத்தது யார்? பசல் அலி, குன்சுரு, பணிக்கர் ஆகிய மூவர் ஆணையம் 1955-இல் பரிந்துரைத்தது. நாடாளுமன்றம் 1956-இல் சட்டம் இயற்றியது. நவம்பர் 1-இல் நாம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தோம். நம் மக்கள் பேசினர், மற்றொரு மன்றம் தீர்மானித்தது. இவ்விரண்டும் ஒன்றல்ல என்பதை நாம் மறவாதிருப்பது நலம். தீர்மானித்த மன்றம் அனைவருக்கும் செவி கொடுத்ததா என்றால், இல்லை. தேவிகுளம், பீருமேடு வட்டங்கள் கேரளத்தில் நின்றன. அங்கே தேயிலைத் தோட்டங்களில் உழைத்த தமிழர் வந்தேறிகளாகக் கருதப்பட்டனர். அவர்களின் எண்ணிக்கை எடைபெறவில்லை. இப்புறத்தே விளவங்கோட்டின் மலையாளம் பேசும் குடும்பங்களும் தனியே கேட்கப்படாமலே நம்மோடு வந்தன. வெற்றி விழாக்களில் இவ்விரு சாராரைப் பற்றியும் நாம் பேசுவதில்லை.

இந்தியச் சட்டம் இப்பொருளில் தெளிவானது. நெடிது பேச வேண்டியதில்லை. மாநில எல்லையை மாற்ற அரசியலமைப்பின் 3-ஆம் உறுப்பு நாடாளுமன்றத்திற்கு அதிகாரம் அளிக்கிறது. தொடர்புடைய சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்டால் போதும், அக்கருத்து கட்டுப்படுத்தாது. 2014-இல் ஆந்திரச் சட்டமன்றம் மறுத்த பின்னும் தெலங்கானா பிறந்தது. நாட்டை விட்டுப் பிரிவதற்கோ வழியே இல்லை. 1963-இன் பதினாறாம் திருத்தம் வேட்பாளரின் உறுதிமொழியிலேயே நாட்டின் ஒருமைப்பாட்டைச் சேர்த்தது. அவ்வாண்டிலேயே தி.மு.க. திராவிட நாட்டுக் கோரிக்கையைக் கைவிட்டது. 1967-இன் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தின்படி பிரிவினைக் கோரிக்கையை ஆதரிப்பதே குற்றம். ஆகவே இந்நாட்டில் ஒரு மாநிலம் தன்விருப்பில் பிரிவினை வாக்கெடுப்பு நடத்த இயலுமா என்றால், இயலாது. ஆனால் 'இயலாது' என்னும் விடையோடு வினா அடங்கிவிடுவதில்லை. அடங்கிவிட்டதாக எண்ணிய ஓர் அரசு என்ன ஆயிற்று என்பதற்கு நம் கடலுக்கு அப்பால் சான்று உண்டு.

தந்தை செல்வா எனப்பட்ட எஸ்.ஜே.வி. செல்வநாயகம் ஒரு கிறித்தவர். 1949-இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கியவர். அவர் கேட்டது கூட்டாட்சி. 1957-இல் பண்டாரநாயக்காவோடும் 1965-இல் டட்லி சேனநாயக்காவோடும் உடன்படிக்கை செய்தார், இரண்டும் நிறைவேறவில்லை. 1972-இன் புதிய அரசியலமைப்பு சிங்களத்தையும் பௌத்தத்தையும் உயர்த்தி வைத்தபோது, காங்கேசன்துறை உறுப்பினர் பதவியைத் துறந்து, 'என் மக்கள் இதை ஏற்கின்றனரா என வாக்கெடுத்துப் பாருங்கள்' என்று அரசுக்கு அறைகூவல் விடுத்தார். நடுவண் அரசின் ஒப்புதலின்றி ஒரு சிறுபான்மை வாக்குக் கேட்க இதைவிடக் கண்ணியமான வழி உண்டோ என நாம் வியக்கிறோம். சட்டத்திற்குட்பட்ட இடைத்தேர்தல் அது. ஒரே ஒரு தொகுதி. அரசு அதை இரண்டாண்டுகளுக்கு மேல் தள்ளிப்போட்டது. 1975 பிப்ரவரி 6-இல் நடந்தபோது பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட வாக்கு வேறுபாட்டில் வென்றார். அவ்வெற்றியைத் தனித் தமிழீழத்திற்கான ஆணையாக அவர் அறிவித்தார்.

மறு ஆண்டு மே 14-இல் நிறைவேறிய வட்டுக்கோட்டைத் தீர்மானம் தமிழில் அரசியல் உரைநடை எட்டிய உயரங்களுள் ஒன்று எனப் போற்றப்படுகிறது. நாம் அதை அவ்வாறு காணவில்லை. அதன் வலிமை குற்றச்சாட்டுப் பகுதியில் உள்ளது. குடியுரிமைப் பறிப்பு, நிலக் குடியேற்றம், மொழிச் சட்டம் என அடுக்கப்படும் ஒவ்வொன்றும் நிகழ்ந்தது, எவரும் மறுக்கவியலாதது. அமையவிருக்கும் நாட்டில் சாதி ஒழிக்கப்படும், எச்சமயமும் எப்பகுதியும் பிறிதொன்றை அடக்கா என்னும் உறுதிமொழிகளும் நேர்மையானவை. ஆயினும் அத்தீர்மானத்தின் நடுவே ஒரு வரிப்பொருள் நம்மை நிறுத்துகிறது. இலங்கைத் தொழிலாளர் காங்கிரசு தனிநாட்டுக் கோரிக்கை பற்றித் தனக்குள்ள தயக்கத்தைத் தெரிவித்திருந்ததைத் தீர்மானமே குறித்து வைக்கிறது. மலையகத் தோட்டத் தொழிலாளரின் அமைப்பு அது. அதன் உறுப்பினரில் பெரும்பாலோர் வடகிழக்குக்கு வெளியே வாழ்ந்தவர். தன் தோழரின் ஐயத்தை மறைக்காமல் எழுதியது அதை வரைந்தோரின் நாணயம். ஆனால் எழுதிவிட்டுக் கடந்து சென்றது அதன் குறை. தேவிகுளத்திலும் மலையகத்திலும் கோடு கிழித்தவர்கள் வேறு வேறானவர். கோட்டுக்கு வெளியே நின்றவர் இருமுறையும் கொழுந்து பறித்த கைகளை உடையவரே.

தீர்மானத்தின் இறுதிப் பகுதி இளைஞரை விடுதலைப் போருக்கு அழைத்து, அப்போருக்குப் புனிதத்தையும் ஏற்றுகிறது. புனிதம் என்னும் சொல்லின் எடையை அறிந்த நாம் இதைக் குறிப்பிடாமல் செல்ல இயலாது. தேர்தலில் ஆணை கேட்கும் ஆவணம் தோல்விக்கும் இடம் வைத்திருக்க வேண்டும். புனிதப் போரை அறிவிக்கும் ஆவணத்தில் தோற்பதற்கு இடமில்லை, மறுப்பவன் துரோகியாவான். இரண்டையும் ஒரே தாளில் எழுதியதுதான் வட்டுக்கோட்டையின் உள்முரண். 1977 ஜூலைத் தேர்தலில் தமிழர் விடுதலைக் கூட்டணி வடக்கின் 14 தொகுதிகளையும் வென்றது. கிழக்கில் கிடைத்தவை நான்கே இடங்கள். முஸ்லிம் மக்கள் செறிந்த தொகுதிகளில் விடை வேறாக இருந்தது. 'மக்கள் ஆணையிட்டனர்' என்று சொன்னபோது, கிழக்கின் இந்த மௌனம் கேட்கப்படவில்லை.

கொழும்போ அதனினும் மோசமாக நடந்துகொண்டது. 1983 ஜூலையின் கொலைகளுக்குப் பின், ஆகஸ்டு 8-இல் ஆறாம் திருத்தம் கொணர்ந்து, பிரிவினை பேசுவதையே குற்றமாக்கியது. உறுதிமொழி ஏற்க மறுத்த கூட்டணி உறுப்பினர்கள் தம் இடங்களை இழந்தனர். வாக்குப் பெட்டியின் வழி வந்த குரலை வாக்குப் பெட்டியின் வாசலிலேயே அடைத்தாயிற்று. பிறகு பேசியவர்கள் யார் என்பதை உலகறியும். அந்த ஆயுதக் குரல் தமிழ் மாற்றுக் குரல்களையும் அடக்கியது என்பதையும், 1990-இல் வடக்கின் முஸ்லிம்களை வீடு விட்டு விரட்டியது என்பதையும் சேர்த்தே அறிய வேண்டும்.

இதையெல்லாம் படிக்கையில் அரசர்கள் முதல் நூலின் பன்னிரண்டாம் அதிகாரம் நம் நினைவில் எழுகிறது. பிரிவினையைப் பற்றி அத்துணைச் செறிவாக எழுதப்பட்ட கதை வேறொன்று நாம் அறிந்ததில்லை. செக்கேமில் கூடிய மக்கள் ரெகபெயாமிடம் கேட்டது தனிநாடன்று, நுகத்தை இலேசாக்கும்படிதான். அவன் மூன்று நாள் தவணை கேட்டான். முதியோர் இணங்கிப் போகச் சொன்னார்கள். உடன் வளர்ந்த இளைஞர் கடுமை காட்டச் சொன்னார்கள். இளையோர் சொல்லே வென்றது, பத்துக் குலங்கள் பிரிந்தன. ஆசிரியர் இதில் எவரையும் தப்பவிடவில்லை என்பதே அப்பகுதியின் இலக்கிய மேன்மை. அரசனின் செவிட்டுத்தனத்தை அவர் வெளிப்படையாகக் காட்டுகிறார். படை திரட்டிச் சென்றவனை, 'உடன்பிறந்தாரோடு போரிடாதே' என்று செமாயாவின் வாயிலாகத் தடுக்கிறார். பிரிந்து சென்ற எரொபவாமும் பெத்தேலிலும் தாணிலும் பொற்கன்றுகளை நிறுத்தியதை அடுத்த வரிகளிலேயே எழுதிவிடுகிறார். பிரிந்தவன் என்பதற்காக அவனுக்குத் தூய்மை கொடுக்கப்படவில்லை. பிரிந்ததற்காக மட்டும் அவன் பழிக்கப்படவும் இல்லை.

மீண்டும் வாக்கெடுப்புக்கு வருவோம். எண்களைப் படிப்பதிலும் ஒரு நயம் உண்டு. 1951 மே 16-இல் பிசோவின் தலைமையில் நாகா தேசிய மன்றம், தில்லியின் இசைவின்றி, கைரேகை பெற்று வாக்கெடுப்புத் தொடங்கியது. 99.9 விழுக்காட்டினர் தனிநாடு கேட்டதாக அறிவித்தது. 2009–2010-இல் நார்வே, கனடா, பிரிட்டன் முதலிய நாடுகளில் புலம்பெயர் தமிழர் வட்டுக்கோட்டைத் தீர்மானத்தின்மேல் தமக்குள் வாக்கெடுத்தனர். நாடுதோறும் 98 விழுக்காட்டுக்கும் மேல் ஆதரவு. 2017 அக்டோபர் 1-இல் கட்டலோனியா, அரசியலமைப்பு நீதிமன்றத் தடையை மீறி வாக்கெடுத்தது. வந்தவர் ஏறத்தாழ 43 விழுக்காட்டினர்; அவர்களில் 90 விழுக்காட்டினர் 'ஆம்' என்றனர். இனி மறுபக்கம்: 2012-இல் இலண்டனோடு உடன்பாடு செய்து, 2014-இல் ஸ்காட்லாந்து வாக்களித்தது. 84 விழுக்காட்டுக்கு மேல் வந்தனர். 45 பேர் பிரிய, 55 பேர் இருக்க என்றனர். 1995-இல் கியூபெக்கில் 93 விழுக்காட்டினர் வந்து, ஒரு விழுக்காட்டு வேறுபாட்டில் 'இருப்போம்' என்றனர்.

நூறை நெருங்கும் எண் ஒருமித்த உள்ளத்தின் அடையாளமென நாம் மயங்கிவிடுகிறோம். உண்மையில், பாதி மக்கள் வீட்டிலேயே இருந்துவிட்டதன் அல்லது கேட்கப்படாமலே போனதன் அடையாளமாக அது இருக்கக்கூடும். எதிர்ப்பவனும் வரிசையில் வந்து நிற்கும்போதுதான் 'ஆம்' என்பதற்குப் பொருள் உண்டாகிறது. நடுவண் அரசின் இசைவு வேண்டும் என்று நாம் சொல்வதன் உட்பொருள் இதுவே. மேலிருப்பவர் கையொப்பமிட்டுத் தரும் அனுமதிச் சீட்டாக அதை நாம் மதிக்கவில்லை. மறுதரப்பை வரிசைக்குக் கொண்டுவருவது அது. தோற்றவனையும் முடிவுக்குக் கட்டுப்படுத்துவது அது. கியூபெக்கிலே ஒட்டாவா முறைப்படி ஒப்புதல் எழுதித் தரவில்லை. ஆயினும் பரப்புரைக்கு வந்தது, வாதாடியது, முடிவை மதிப்போடு எண்ணியது. இசைவு என்பதன் சாரம் அங்கே இருந்தது. கட்டலோனியாவில் மத்ரீதிலிருந்து வந்தது காவற்படை. ஒன்பது தலைவர்கள் 2019-இல் 9 முதல் 13 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை பெற்றனர், 2021-இல் மன்னிக்கப்பட்டனர். அச்சிறையால் எவ்வினாவும் தீர்ந்ததாகத் தெரியவில்லை.

நடுவண் அரசு என்றென்றும் இசைவு மறுத்தால் என்ன செய்வது என்று வாசகர் கேட்பர். கேட்க வேண்டிய கேள்விதான். இதற்கு நாம் கண்டவற்றுள் நேர்மையான விடை, கனடா உச்ச நீதிமன்றம் 1998 ஆகஸ்டு 20-இல் வழங்கிய கருத்துரை. தன்னிச்சையாகப் பிரிய உரிமையில்லை என்று அது கியூபெக்குக்குச் சொன்னது. தெளிவான வினாவுக்குத் தெளிவான பெரும்பான்மை கிடைத்தால், பேச்சுக்கு அமராமல் இருக்க உனக்கும் உரிமையில்லை என்று அதே மூச்சில் ஒட்டாவாவுக்கும் சொன்னது. பேசும் உரிமை ஒருபுறம், கேட்கும் கடமை மறுபுறம். திருத்தந்தை புனித இரண்டாம் அருள் சின்னப்பர் 1995 அக்டோபர் 5-இல் ஐக்கிய நாடுகள் பேரவையில், தேசங்களின் உரிமை பற்றி ஆற்றிய உரையும் இதற்கு அண்மையில் நிற்கிறது. ஒவ்வொரு தேசத்திற்கும் வாழும் உரிமை உண்டென்ற அவர், அவ்வுரிமை தனியரசாக மலர்ந்தே தீர வேண்டும் என்பதில்லை, கூட்டாட்சி போன்ற வடிவங்களும் உண்டு என்றார். போலந்து நாட்டில் பிறந்தவர் சொன்னதால் இச்சொல்லுக்கு எடை மிகுதி. அந்நாடு வரைபடத்திலிருந்தே ஒரு நூற்றாண்டுக்கு மேல் அழிக்கப்பட்டிருந்தது.

கிழக்குத் தீமோரை எடுத்துக்காட்டி நம்மை மறுப்போர் உண்டு. அங்கே 1999 ஆகஸ்டு 30-இல் 78.5 விழுக்காட்டினர் இந்தோனேசியாவை விட்டு விலக வாக்களித்தனர், நாடு பிறந்தது. ஆனால் அவ்வாக்கெடுப்பும் அவ்வாண்டு மே 5-இல் இந்தோனேசியா, போர்த்துக்கல், ஐக்கிய நாடுகள் அவை மூன்றும் கையொப்பமிட்ட உடன்பாட்டின்படியே நடந்தது. கையொப்பமிட்ட பின்னும் ஊர்கள் எரிந்தன. கையொப்பமே இல்லாதிருந்தால் என்னவாகியிருக்கும் என எண்ணவே அஞ்சுகிறோம்.

நம் நாட்டிலும் இசைவோடு நடந்த ஒன்று உண்டு. மகாராட்டிரத்தில் கலப்பதா, ஒன்றியப் பகுதியாகவே தொடர்வதா எனக் கோவா மக்களிடம் 1967 சனவரி 16-இல் கேட்கப்பட்டது. நாடாளுமன்றம் இதற்கெனவே சட்டம் இயற்றியது. 34,021 வாக்கு வேறுபாட்டில் அவர்கள் தனித்தே இருக்க விரும்பினர். கத்தோலிக்கரும் இந்துக்களில் ஒரு சாராரும் சேர்ந்து அளித்த தீர்ப்பு அது. தோற்றவர்கள் தெருவுக்கு வந்து குருதி சிந்தவில்லை. 1956-இல் பீருமேட்டிலும் விளவங்கோட்டிலும் இவ்வாறு கேட்டிருக்கலாமே என்னும் ஏக்கம் நமக்கு எழாமல் இல்லை. கேட்டிருந்தால் இன்று நம் மாவட்டத்தின் வடமேற்கு எல்லை எங்கே நின்றிருக்குமோ, யாரறிவார்!

இலங்கைக்குத் திரும்பினால், ஆறாம் திருத்தத்தைக் காட்டித் தமிழரசுக் கட்சியையே பிரிவினை அமைப்பெனத் தடுக்கக் கோரும் வழக்கொன்று உச்ச நீதிமன்றத்திற்கு வந்தது. கூட்டாட்சி கேட்பது பிரிவினை கேட்பதாகாது என 2017 ஆகஸ்டு 4-இல் தீர்ப்பாயிற்று. செல்வநாயகம் கூட்டாட்சி கேட்டுக் கட்சி தொடங்கி அப்போது ஏறத்தாழ 68 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் 1977 ஏப்ரல் 26-இலேயே மறைந்துவிட்டார்.